பத்து நிமிடப் படத்தில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது?

(கல்லூரி மாணவர்களுக்கான குறும்படப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து லென்ஸ் பற்றிப் பேசினார்கள், எடிட்டிங் பற்றிப் பேசினார்கள், உலக சினிமா பற்றிப் பேசினார்கள். எல்லாம் தேவையான விஷயம்தான். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு குறும்படத்தின் திட்டமும் தயாரிப்பும். அதாவது கதை கையில் கிடைத்ததிலிருந்து படத்தைத் திரையில் போடுகிற வரைக்கும் என்னென்ன வேலை, எந்த வரிசையில் செய்வது. கேட்க சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனா நம்ம நாட்டுல சமையல்ங்கிறதே யார் ஆக்குனா யார் திங்க மாட்டாங்கங்கிற கேள்வியோடதான வருது? படத் தயாரிப்பும் அப்படித்தான்.

தலித் படம் என்றால் கதையில் தலித் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதையில் சாதியை எதிர்த்துவிட்டு, படம் எடுக்கிற மூன்று நாளும் சாதியோடு குடித்தனம் நடத்துகிற படங்கள் நிறைய வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இன்றைக்கு வேலை வரிசையைச் சொல்லிக்கொண்டே போகிறேன். ஒவ்வொரு வேலையிலும் சாதி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கூடவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. படச்சுருள் காலத்தில் 35 எம்.எம். சுருள் ஆயிரம் அடி ஓடினால் 11 நிமிடம். அந்த 11 நிமிடத்துக்குச் சுருள் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும், கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா? சினிமா ஏன் இத்தனை காலம் அவர்கள் கையில் இருந்தது என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இப்போது உங்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. அந்த ஒரு கதவு திறந்துவிட்டது. நல்லது.

கருவி கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் முன்னோர்கள் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அச்சு எந்திரம் வந்தபோது இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். பாபாசாகேப் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். வாயில்லாதவர்களின் தலைவன் என்று அர்த்தம். இவர்கள் யாரும் அடுத்தவன் பத்திரிகையில் ஒரு மூலையில் நமக்கும் இடம் கொடு என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எழுதினார்கள், அச்சுக் கோத்தார்கள், சந்தா வசூலித்தார்கள், கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முழு வேலையையும் கையில் எடுத்தார்கள். குறும்படமும் அப்படி முழு வேலையாகத்தான் கைக்கு வர வேண்டும். நடிக்க மட்டும் நாம, மத்ததெல்லாம் அவங்கன்னா அது பழைய கதைதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை கதை.

குறும்படம் என்பது பெரிய படத்தைச் சுருக்கியது இல்லை. பத்து நிமிடத்தில் காதல், ஆணவக்கொலை, கோர்ட்டு, தீர்ப்பு எல்லாம் வைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு நாள், ஓர் இடம், இரண்டு மூன்று பேர், ஒரு காரியம். அந்தக் காரியம் நடக்குமா நடக்காதா? அவ்வளவுதான்.

நாகராஜ் மஞ்சுளே உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்லுடைக்கிற, மண் வேலை செய்கிற வடார் சமூகத்தில் பிறந்தவர். சோலாப்பூர் மாவட்டத்துக்காரர். ‘ஃபன்ட்ரி’, ‘சைராட்’ எல்லாம் பின்னால் வந்தவை. அகமதுநகரில் படித்துக்கொண்டிருந்தபோது 2009இல் ஒரு மாணவர் படம் எடுத்தார். ‘பிஸ்துல்யா’ என்று பெயர். பதினைந்து நிமிடம் சுமார். பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிற ஓர் ஏழைப் பையன், அவனைப் போகவிடாத வாழ்க்கை. இவ்வளவுதான் கதை. முதல் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பையனாக நடித்த சூரஜ் பவார் பின்னால் ‘ஃபன்ட்ரி’யிலும் ‘சைராட்’டிலும் நடித்தார். ஒரு மாணவர் படத்தில் சேர்ந்த கூட்டு வருஷக்கணக்கில் ஓடியது. கதை சின்னதா இருக்கேன்னு கூச்சப்படாதீங்க. பள்ளிக்கூடம் போறது யாருக்குச் சின்ன விஷயம், யாருக்குப் பெரிய விஷயம்னு நமக்குத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தைச் சேர்ந்த ஒரு தலித் இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் வழி விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். யாரோ ஒருவர் அதைச் செல்போனில் எடுத்தார். அந்தக் காட்சி வெளியே வந்த பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வழக்கு வந்ததற்கு நம் ஆள் ஒருவர் கையில் இருந்த போன் காரணம். அதில் ஷாட் டிவிஷன் கிடையாது, லைட்டிங் கிடையாது. ஆனால் அது வேலை செய்தது.

அப்படியானால் குறும்படம் எதற்கு? அந்தக் காட்சி ‘என்ன நடந்தது’ என்று காட்டியது. பிணத்தைக் கீழே இறக்கிய பிறகு அந்த மகன் என்ன செய்திருப்பான், மறுநாள் காலையில் அதே நிலத்துக்காரரிடம் களை வெட்டப் போக வேண்டியிருந்தால் எப்படிப் போவான், அவன் சம்சாரம் என்ன சொல்லியிருப்பாள், இதையெல்லாம் அது காட்டாது. அது கதையின் வேலை. செய்தி நிற்கிற இடத்தில் உங்கள் படம் தொடங்க வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நடந்த சம்பவத்தின் குடும்பத்தை அவர்களைக் கேட்காமல் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். பெயர் மாற்றினால் போதாது. ஊரைப் பார்த்தால், பாலத்தைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சுடுகாட்டுப் பாதை இல்லாத ஊருக்கா நமக்குப் பஞ்சம்?

இரண்டாவது வேலை எழுத்து. ஒரு பக்கம் எழுதினால் ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்கள் கணக்கு. பத்து நிமிடப் படத்துக்குப் பத்துப் பக்கம். அதற்கு மேல் எழுதினால் வெட்டுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தலையில் எங்கே, பகலா இரவா, யார் யார், என்னென்ன பொருள் என்று எழுத வேண்டும். இந்தப் பட்டியல்தான் பின்னால் செலவுக் கணக்காகவும் மாறும். பாடை வேண்டுமா? மூங்கில் யார் வெட்டுவது? வயல் வேண்டுமா? நடவு நட்ட வயலா, அறுத்த வயலா? ஐப்பசியில் எடுத்தால் ஒன்று, மாசியில் எடுத்தால் ஒன்று. எழுதும்போதே இதை யோசிக்காதவன் படப்பிடிப்பு நாளில் வரப்பில் நின்று முழிப்பான்.

எழுத்தில் சாதி எங்கே வருது? யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதில் வருகிறது. நம் மாணவர் படங்களில் பாதிக்கு மேல் ஒரே அமைப்பு. நகரத்திலிருந்து ஒரு நல்லவன் ஊருக்கு வருகிறான். ஆசிரியராக, நிருபராக, அதிகாரியாக வருகிறான். சேரியைப் பார்க்கிறான், அதிர்ச்சி அடைகிறான், கண் கலங்குகிறான். அவன் கண் கலங்குவதுதான் படம். சேரிக்காரன் அவன் அழுவதற்குக் காரணமாக மட்டும் இருக்கிறான். எதுக்குங்க இது? நம்ம சனத்துக்கு நம்ம தெரு அதிர்ச்சி இல்லையே. அது அவங்க வாழ்ற இடம். அங்க சிரிப்பு இருக்கு, கிண்டல் இருக்கு, சண்டை இருக்கு, மாட்டுக்கறிக் கொழம்பு வாசம் இருக்கு. எழவு வீட்டில்கூட ஒருத்தர் நக்கலடித்துக்கொண்டுதான் இருப்பார். அதையெல்லாம் துடைத்துவிட்டு வெறும் கண்ணீரை மட்டும் வைத்தால் அது நம் வாழ்க்கை இல்லை. அவர்களுடைய மனசாட்சிக்கு நாம் போடுகிற தீனி.

இன்னொன்று. நம் பாத்திரத்துக்குச் சட்டம் தெரியும் என்று எழுதுங்கள். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். சுடுகாட்டையும் இடுகாட்டையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. நம் கதையில் வரும் மகனோ மருமகளோ இதைத் தெரிந்தவராக இருந்தால் காட்சி எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் தெரிந்தும் பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் காத்திருப்பது? வெயில் ஏறுகிறது, பிணம் தாங்காது. போலீஸ் வருமா, தாசில்தார் வருவாரா? பத்து நிமிடப் படத்துக்கு இதைவிட என்ன நெருக்கடி வேண்டும்?

மூன்றாவது இடம், அதாவது லொக்கேஷன். நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள், சேரி ‘விஷுவலாக நன்றாக இருக்கிறது’ என்று சொல்வீர்கள். இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். ஒழுகுற கூரை உனக்கு விஷுவல், அவளுக்குப் பொழப்பு. அதே சமயம் இருக்கிற மாடி வீட்டை மறைத்துவிட்டுக் குடிசையைத் தேடி அலையாதீர்கள். காலனியில் காங்கிரீட் வீடு இருக்கிறது, டிஷ் ஆன்டெனா இருக்கிறது, பட்டதாரி இருக்கிறான், பைக் இருக்கிறது. அவை எல்லாம் இருந்தும் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்பதுதான் இன்றைக்குச் சொல்ல வேண்டிய விஷயம். குடிசையைக் காட்டினால் இது வறுமைப் பிரச்சினை என்று சொல்லி முடித்துவிடுவான்.

அனுமதி யாரிடம் வாங்குவது? பஞ்சாயத்து, பக்கத்துக் காவல் நிலையம், இடத்துக்காரர். இது வழக்கம். ஆனால் சேரியில் எடுக்கிற படத்துக்கு ஊர்த்தெருப் பெரிய மனிதரிடம் போய்த் தனியாக ‘உத்தரவு’ வாங்குகிற பழக்கத்தை விடுங்கள். சேரியில் இளைஞர் மன்றம் இருக்கும், அம்பேத்கர் மன்றம் இருக்கும், மகளிர் குழு இருக்கும். அவர்களை உட்காரவைத்துக் கதையை முழுசாகப் படித்துக்காட்டுங்கள். மறைக்காதீர்கள். நீங்கள் மூன்று நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். வீடு கொடுத்தவரும் நடித்தவரும் அங்கேயேதான் இருக்க வேண்டும். படம் வெளியே வந்த பிறகு நிலத்துக்காரன் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டால் என்ன செய்வது என்று அவர்களோடு சேர்ந்து முன்கூட்டியே பேசுங்கள். ஊர்த்தெரு வீடு ஒன்று கதைக்குத் தேவைப்பட்டால் அங்கே ஒரு கேள்வி வரும்: ‘படத்தில் நடிக்கிறவங்க யாரு? உள்ளே வருவாங்களா?’ அந்தக் கேள்வி வந்தால் அந்த வீடு வேண்டாம். வேறு ஊர் பாருங்கள். நடிக்கிற அம்மாவைத் திண்ணையோடு நிறுத்திவிட்டுத் தீண்டாமைக்கு எதிராக எப்படிப் படம் எடுப்பீர்கள்?

நான்காவது ஆட்கள். நடிக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் இரண்டு தரப்பையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பி.கே. ரோசியைத் தெரியாமல் யாரும் நடிகர் தேர்வில் இறங்கக் கூடாது. மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. ஜே.சி. டேனியல் எடுத்த மௌனப் படம். அதில் ரோசி ஒரு நாயர் பெண்ணாக நடித்தார். அவர் புலையர் சமூகத்துப் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்டபோது ஆதிக்கச் சாதியார் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். ரோசியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் தப்பித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, ரோசி என்ற பெயரையே மறைத்து வாழ்ந்து செத்தார். படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. தன் சாதி இல்லாத பாத்திரத்தில் நடித்ததற்குத் தண்டனை அது. இன்றைக்குக் கொளுத்த மாட்டார்கள். ஆனால் கறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு வேலைக்காரி வேஷம், சிவப்பாக இருக்கிற பெண்ணுக்குக் கதாநாயகி வேஷம் என்று நாமே பிரிக்கிறோம். மாணவர் படத்துக்கு எந்த முதலாளி வந்து சிவப்புத் தோலைக் கேட்டான்? நம் மண்டைக்குள் இருக்கிறவன்தான் கேட்கிறான்.

தெருவிலிருந்து ஆள் எடுங்கள். ‘ஃபன்ட்ரி’யில் ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடே ஹல்கி அடிக்கிற பையன். ஹல்கி என்றால் நம் பறை மாதிரி ஒரு தோல்கருவி. அவனுக்கும் சிறந்த குழந்தை நடிகர் என்று தேசிய விருது கிடைத்தது. ஒரு வாரமாவது முன்னதாகப் போய்ப் பழகுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ‘இந்த நேரத்துல நீங்க என்ன சொல்வீங்க?’ என்று கேட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வசனத்தைவிட அது நன்றாக இருக்கும்.

வேலை செய்கிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். மாணவர் குழுவில் பத்துப் பேர் இருந்தால் யார் இயக்குநர், யார் கேமரா, யார் சாப்பாடு தூக்குகிறார், யார் லைட் பிடிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பக்கத்தில் யார் என்ன சாதி, யார் ஆண், யார் பெண் என்று எழுதிப் பாருங்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக இருக்காது. ஆனாலும் இங்கிலீஷ் பேசுகிறவன் இயக்குநராகவும், கிராமத்திலிருந்து வந்தவன் ஓடி ஓடித் தூக்குகிறவனாகவும், பெண் என்றால் உடையலங்காரம் அல்லது கன்டின்யூட்டி நோட்டு என்றும் அமைந்திருக்கும். அதை மாற்றுங்கள். நாள்தோறும் மாற்றுங்கள். இன்றைக்கு லைட் பிடித்தவர் நாளைக்குக் கேமராவில் நிற்கட்டும். கற்றுக்கொள்ள வந்த இடம்தானே?

திரைப்படக் கல்லூரிக்குள் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் கோட்டயத்தைக் காட்டுங்கள். நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பெயரில் இயங்குகிற அரசுத் திரைப்படக் கல்லூரி அது. சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டது, துப்புரவுப் பெண்களை இயக்குநர் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள் என்று குற்றம் சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். அந்தப் போராட்டத்தில் துப்புரவுப் பெண்களும் மாணவர்களும் ஒன்றாக நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது கேமராவும் வெளிச்சமும். கேமரா என்பது வெறும் எந்திரம், அதற்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது என்பார்கள். கோடாக் கம்பெனி கலர் படத்தைச் சரிபார்ப்பதற்கு லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிவைத்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். கறுப்பு மக்கள் முகம் சேறு அப்பியது போல வந்தது. பிறகு படச்சுருளை மாற்றினார்கள். அதற்கும் முக்கியக் காரணம், சாக்லேட் கம்பெனிக்காரனும் மரச்சாமான் கம்பெனிக்காரனும் பழுப்பு நிறம் ஒழுங்காக விழவில்லை என்று புகார் செய்ததுதான் என்கிறார்கள். மனுசன் முகத்துக்காக மாறல, மேசை நாற்காலிக்காக மாறியிருக்கு!

உங்கள் போனும் அந்த வம்சத்தில் வந்ததுதான். முதலில் ‘பியூட்டி’ என்று ஒரு சங்கதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது நம் முகத்தைச் சுரண்டி வெளுக்கிற வேலை. அடுத்து, கேமரா படம் முழுவதையும் கூட்டி நடுத்தரமான ஒரு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மத்தியான வானத்துக்கு முன்னால் ஒரு கறுத்த முகத்தை நிறுத்தினால் வானத்தைக் காப்பாற்றிவிட்டு முகத்தைக் கொன்றுவிடும். அதனால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் தெரிய வேண்டும். ஒரு தெர்மக்கோல் அட்டை இருந்தால் போதும், பக்கவாட்டிலிருந்து வெயிலைத் திருப்பி அடியுங்கள். கறுத்த தோல் வெளிச்சத்தை வாங்கி மினுங்கும், அந்த மினுமினுப்பில்தான் முகத்தின் வடிவம் தெரியும். பவுடர் அடித்து அதை மூடாதீர்கள். காலையிலும் சாயங்காலமும் முகங்களை எடுங்கள், உச்சிவெயிலில் வீட்டுக்குள் காட்சிகளை வையுங்கள். வீட்டுக்குள் டியூப் லைட் இருந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 சைக்கிள். இல்லாவிட்டால் பட்டை பட்டையாக ஓடும்.

எங்கே நின்று எடுக்கிறோம் என்பதும் அரசியல்தான். மேலேயிருந்து பார்த்தால் எல்லோரும் பூச்சி மாதிரித் தெரிவார்கள். இப்போது டிரோன் வேறு வந்துவிட்டது. சேரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் படம் பெரிசாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். கேமராவை ஆள் உயரத்துக்கு இறக்குங்கள். பாடை தூக்குகிறவன் தோளுக்கு இறக்குங்கள். அப்போதுதான் சேற்றில் கால் புதைகிற கனம் தெரியும்.

ஆறாவது ஒலி. படம் மங்கலாக இருந்தால் பார்த்துவிடுவார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கேமரா போனிலேயே ஒலியை நம்பாதீர்கள். இரண்டாவது போன் ஒன்றில் காலர் மைக் மாட்டிப் பேசுகிறவர் சட்டைக்குள் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கை தட்டுங்கள், எடிட்டிங்கில் சேர்க்க வசதி. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்து வையுங்கள். வெட்டு ஒட்டுகிற இடத்தில் அது தேவைப்படும். அந்த ஒரு நிமிடத்தில் சேரியின் சத்தம் முழுவதும் இருக்கும்.

பேச்சு மொழியை மாற்றாதீர்கள். தென்னாற்காட்டுக் கிழவியை ‘பொதுத்தமிழ்’ பேசவைத்து டப்பிங் செய்வது அவள் வாயைப் பிடுங்குகிற வேலை. பறை விஷயத்தில் கவனமாக இருங்கள். இனிமேல் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி உதைபட்ட ஊர்கள் இருக்கின்றன. பறை எங்கள் கலை என்று மேடை ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் விடுதலைக்கான குரல்தான். நீங்கள் எடுக்கிற ஊர் எந்த முடிவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சத்தத்தைப் போடுங்கள். படம் நெடுகப் பின்னணியில் பறையை அடித்துவிட்டால் தலித் படம் ஆகிவிடாது.

ஏழாவது நாள் கணக்கும் சோற்றுக் கணக்கும். பத்துப் பக்கக் கதையை மாணவர் குழு ஒரு நாளைக்கு மூன்று நான்கு பக்கம் என்று வைத்தால் மூன்று நாளில் முடிக்கலாம். காட்சி வரிசையில் எடுக்காதீர்கள், இட வரிசையில் எடுங்கள். பதினைந்து பேர், மூன்று நாள், மூன்று வேளை: 135 சாப்பாடு. மாணவர் படத்தில் பெரிய செலவு இதுதான், கேமரா இல்லை. இந்தப் பணத்தை நகரத்து ஓட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். படம் எடுக்கிற தெருவிலேயே ஒரு மகளிர் குழுவிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். நியாயமான கூலி கொடுங்கள். எல்லோரும் அதையே, ஒரே இடத்தில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். இங்கேதான் சாதி வெளியே வரும். ‘எனக்கு வயிறு சரியில்லை’, ‘நான் இன்னிக்கு விரதம்’, ‘நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கறேன்’ என்று ஒருவர் சொல்லுவார். முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. சேரியில் ஒரு கை சோறு தின்ன முடியாதவன் அந்தச் சேரியைப் பற்றி எடுக்கிற படம் எப்படி இருக்கும்?

அப்புறம், தேங்காய் உடைத்துப் பூஜை போட்டுத் தொடங்குவது, கடைசி நாளில் பூசணிக்காய் சுற்றி உடைப்பது, இந்தக் கோடம்பாக்கத்துச் சடங்கெல்லாம் நமக்கு எதுக்கு? அந்தக் காசில் இரண்டு பேட்டரி வாங்கலாம்.

நடித்தவர்களுக்குக் கூலி உண்டா? உண்டு. ‘மாணவர் படம்தானே’ என்று சொல்லி நாள் கூலிக்காரரின் மூன்று நாளைத் தின்னாதீர்கள். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதையாவது கையில் கொடுங்கள். இலவச உழைப்பு வாங்குவது நமக்குத் தெரிந்த பழைய வழக்கம், அதற்கு வெட்டி வேலை என்று பெயர்.

எட்டாவது எடிட்டிங். எதை வைப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பதுதான் வேலை. அடிபடுகிற உடலை எவ்வளவு நேரம் காட்டுவீர்கள்? மானபங்கப்படுத்தப்படுகிற பெண்ணை எவ்வளவு நேரம் காட்டுவீர்கள்? கொடுமையைக் காட்டினால்தான் கோபம் வரும் என்கிறார்கள். யாருக்குக் கோபம் வரும்? அதைப் பார்க்கிற நம் பிள்ளைக்குப் பயம் வரும். செய்கிறவனுக்கு ருசி வரும். ‘ஃபன்ட்ரி’யின் முடிவைப் பாருங்கள். பன்றி பிடிக்கிற குடும்பத்தை ஊரே வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில் அந்தப் பையன் ஒரு கல்லை எடுத்து எறிகிறான். கல் நேராகக் கேமராவை நோக்கி வருகிறது. அதாவது நம்மை நோக்கி. இரத்தம் இல்லை, அழுகை இல்லை. வேடிக்கை பார்த்தவன் நெற்றியில் படுகிறது.

ஒன்பதாவது திரையிடல். பல கல்லூரிகளில் படம் மதிப்பெண்ணுக்காக எடுக்கப்பட்டு, ஆசிரியர் பார்த்து, ஹார்ட் டிஸ்கில் செத்துப்போகிறது. இல்லையென்றால் நேராகத் திரைப்பட விழா. முதல் திரையிடல் எடுத்த தெருவில் நடக்க வேண்டும். வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து, நடித்தவர்களை முன்னால் உட்காரவைத்துப் போடுங்கள். அவர்கள் இதை வெளியே விடாதே என்று சொல்கிற காட்சியை எடுத்துவிடுங்கள். பாலியல் வன்முறை பற்றிய படமானால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது சட்டப்படியே குற்றம். குழந்தை என்றால் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் இருக்கிறது. தியேட்டரில் பொதுமக்களுக்குப் போட வேண்டுமென்றால் 1952ஆம் வருஷத்து சினிமா சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தெரியாமல் மாட்டாதீர்கள்.

எதிர்ப்பு வரும். அமுதன் 2003இல் ‘பீ’ எடுத்தார். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளுகிற ஒரே ஒரு பெண்ணின் வேலையைக் காட்டினார், வேறொன்றும் இல்லை. பார்க்க முடியாமல் முகம் திருப்பினார்கள். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ எடுத்தார். மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டினார். பல இடங்களில் திரையிட விடவில்லை, அவர் மேல் வழக்குப் போட்டார்கள். தாமிரபரணியில் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் செத்தார்கள். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ இல்லாவிட்டால் அந்த ஆற்றங்கரையில் நடந்தது இன்றைய பிள்ளைகளுக்கு இவ்வளவு தெரிந்திருக்குமா? ஆகவே படத்தைப் பத்திரமாக வைப்பதும் தயாரிப்பு வேலைதான். மூன்று பிரதி, மூன்று வேறு வேறு இடத்தில் வையுங்கள். ‘விகதகுமாரன்’ போல நம் படமும் காணாமல் போக வேண்டாம்.

கடைசியாக, பெயர் போடுகிற இடம். கூரை கொடுத்தவர், சோறாக்கியவர், தெர்மக்கோல் பிடித்த பொடியன், மூங்கில் வெட்டியவர் எல்லோர் பெயரும் வர வேண்டும். ‘மற்றும் ஊர் பொதுமக்கள்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். நம் ஆட்களுடைய பெயர் திரையில் வருவது இந்த நாட்டில் சாதாரண விஷயம் இல்லை.

சொல்ல வந்தது இவ்வளவுதான். அடுத்த முகாமுக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று தாள் கொண்டுவாருங்கள். ஒன்று, ஒரே பக்கத்தில் கதை. இரண்டு, யார் என்ன வேலை என்கிற பட்டியல். மூன்று, சோற்றுக் கணக்கு: எங்கே ஆக்குவது, யார் ஆக்குவது, யார் யார் சேர்ந்து உட்காருவது. கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் மூன்றாவது தாளைத்தான் நான் வாங்கிப் படிப்பேன்.

ஜெய்பீம்.